புல் விதைக்கச் செப்டெம்பர்வரை பொறுங்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை புற்றரை பற்றியவை. பனி உருகி வளவின் உண்மை நிலை வெளியே தெரிந்ததும் எல்லோருக்கும் கவலை பிடித்துக்கொள்கிறது. ரொறன்ரோவுக்குக் கிழக்கே உள்ள ஏஜாக்ஸிலிருந்து வந்த கடிதத்தில் இருக்கும் கேள்வியையே வேறு பலரும் கேட்டிருப்பதால், அதற்கு விரிவாக எழுதுகிறேன்.

கேள்வி: ஏஜாக்ஸில் புதுக்குடியிருப்பு ஒன்றில் வீடு வாங்கி இது மூன்றாவது வருடம். வீடு கட்டியவர்கள் விரித்துத் தந்த சொட் புல் (மண்ணோடு பெயர்த்துச் சுருட்டி வரும் புல் விரிப்பு) இரண்டு கோடையிலும் காய்ந்து, இப்போது பின்வளவில் பாதிக்குமேல் வெறும் களிமண்ணாகக் கிடக்கிறது. ஆறு வயதிலும் மூன்று வயதிலும் எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். அவர்கள் ஓடி விளையாட ஒரு புற்றரை வேண்டும். ‘இரண்டு வாரத்தில் புல்’ என்று போட்டிருந்த விதைப் பை ஒன்றை வாங்கி வைத்திருக்கிறோம். இந்தச் சனிக்கிழமை தூவலாமா அண்ணா? வளவு ஏறக்குறைய 60 சதுர மீட்டர். (ஏஜாக்ஸ் வாசகி)

பதில்: தூவாதீர்கள், தங்கச்சி. பையை இறுக்கிக் கட்டி, குளிர்ச்சியான, ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். பேஸ்மென்ட் அலமாரி போதும். உங்கள் புல்லுக்குரிய காலம் ஓகஸ்ட் நடுப்பகுதியில் தொடங்கிச் செப்டெம்பர் நடுப்பகுதியில் முடிகிறது.

இப்போது தூவினாலும் முளைக்கும், ஜூனில் பச்சையாகவும் இருக்கும். ஆனால் ஜூலை வெயில் வரும்போது அதன் வேர் இரண்டு விரல் ஆழத்தில்தான் நிற்கும். களிமண்ணில் முதலில் காய்ந்து வெடிப்பது அந்த இரண்டு விரல் மண்தான். போதாததற்குக் கிராப்கிராஸ் வேறு. அது ஒரு வருடக் களை. வசந்தத்தில் மண் சூடேறியதும் முளைத்து, வெறும் நிலத்தைக் கண்ட இடமெல்லாம் படர்ந்து, நீங்கள் புல்லுக்கு ஊற்றும் தண்ணீரை எல்லாம் தான் குடித்துவிட்டு, முதல் உறைபனியில் செத்துப்போகும். அது படர்ந்திருந்த இடம் மறுபடியும் வெறும் மண்.

ஓகஸ்ட் கடைசியில் நிலைமை தலைகீழாக மாறிவிடும். கோடை முழுவதும் வெயில் வாங்கிய மண்ணில் விதை விரைவாக முளைக்கும். இரவு குளிரும், காலையில் தரை நனைந்திருக்கும், தண்ணீர்ச் செலவு குறையும். கிராப்கிராஸ் முளைக்கும் பருவமும் போயிருக்கும். முளைத்த புல்லுக்கு ஓர் இலையுதிர்காலமும் ஒரு வசந்தமும் வேர் இறக்கக் கிடைக்கும். அதன் பிறகுதான் அது முதல் கோடையைச் சந்திக்க வேண்டும்.

இனி மண்ணைப் பார்ப்போம். உங்கள் சொட் ஏன் செத்தது என்று தெரியாமல் அதே மண்ணில் விதையைப் போடக்கூடாது. பின்வளவில் ஓர் அடி ஆழத்துக்கு ஒரு குழி வெட்டுங்கள். வெட்டுவதற்கு முன் ‘ஒன்ராறியோ வன் கோல்’ சேவைக்கு அறிவித்து, நிலத்தடியில் வாயு, மின்சாரம், இன்டர்நெட் இணைப்புகள் எங்கே போகின்றன என்று அடையாளம் போட்டுத் தரச் சொல்லுங்கள். வீட்டுக்காரருக்கு அது இலவசம். இன்டர்நெட் வயரைப் பல இடங்களில் ஒரு சாண் ஆழத்திலேயே புதைத்திருப்பார்கள்.

புதுக்குடியிருப்புகளில் வேலை செய்த காலத்தில் அந்தக் குழியின் சுவரை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மேலே சொட்டோடு வந்த கறுப்பு மண் ஒரு விரல் தடிப்பு. அதன் கீழே நாலைந்து சென்டிமீட்டர் மேல்மண். அதற்கும் கீழே சாம்பல் நிறக் களி, மண்வெட்டி பட்ட இடம் சவர்க்காரக் கட்டியை வெட்டியதுபோல வழுவழுவென்று மினுங்கும். நடுவே கல்லும் சீமெந்துத் துண்டும் செருகியிருக்கும். புல்லின் வெள்ளை வேர்கள் அந்தக் களிவரை இறங்கி, உள்ளே போக வழியில்லாமல் பக்கவாட்டில் திரும்பி ஓடியிருக்கும். வீடு கட்டும்போது நல்ல மேல்மண்ணை வழித்து ஓரமாகக் குவித்துவிட்டு, கீழ்மண்ணின்மேல் பாரமான இயந்திரங்களை மாதக்கணக்கில் ஓட்டுகிறார்கள். கடைசியில் வழித்த மண்ணில் கொஞ்சத்தை மேலே பரப்பி, சொட்டை விரித்து, சாவியைக் கையில் தருகிறார்கள். புல்லுக்கு வேர் இறங்கக்கூடிய மண் 15 சென்டிமீட்டராவது வேண்டும். நான்கு சென்டிமீட்டரில் எந்தப் புல்லும் பிழைக்காது. நீங்கள் தண்ணீர் ஊற்றியது போதவில்லை என்று உங்களைக் குறை சொல்லிக்கொள்ள வேண்டாம்.

அதே குழியில் தண்ணீர் நிரப்புங்கள். அது வடிந்ததும் இன்னொரு முறை நிரப்புங்கள். இரண்டாம் முறை ஊற்றிய தண்ணீர் நாலு மணி நேரத்துக்குப் பிறகும் குளமாக நின்றால் மண் இறுகிப்போயிருக்கிறது என்று அர்த்தம். பிள்ளைகளை வைத்துக்கொண்டு இன்னொன்றும் செய்யலாம். ஒரு கண்ணாடிப் போத்தலில் மூன்றிலொரு பங்கு மண் போட்டு, தண்ணீர் நிரப்பி, மூடிக் குலுக்கி வையுங்கள். மணல் ஒரு நிமிடத்துக்குள் அடியில் படியும். வண்டல் ஓரிரு மணி நேரத்தில் அதன்மேல் இறங்கும். களி அடுத்த நாளும் கலங்கலாக மிதக்கும். ஆறு வயதுப் பிள்ளைக்கு அந்த மூன்று படைகளைப் பார்ப்பது பெரிய சந்தோஷம்.

செப்டெம்பர்வரை சும்மா இருக்கச் சொல்லவில்லை. இந்த மூன்று மாதமும்தான் உங்கள் புற்றரையைத் தீர்மானிக்கப் போகின்றன. களைக்கு வழக்கமான மருந்தை அடிக்கும் வழி இங்கே இல்லை. அழகுக்காக வீட்டு வளவில் பெரும்பாலான களைகொல்லிகளை அடிப்பதை ஒன்ராறியோ 2009 ஏப்ரல் 22 முதல் தடை செய்திருக்கிறது. பிள்ளைகள் உருண்டு விளையாடும் நிலத்துக்கு அந்தச் சட்டம் நல்லது என்பதே என் நிலைப்பாடு.

எஞ்சிய புல்லையும் களையையும் வேரோடு கிளப்பி எடுத்துவிட்டு, கிளறு முள்ளால் மண்ணை எட்டும் ஆழம்வரை குத்தி இளக்குங்கள். மண் ஈரமாகப் பிசுபிசுக்கும்போது இதைச் செய்யக்கூடாது. கையில் ஒரு பிடி எடுத்து உருட்டி அமுக்கினால் உதிர வேண்டும். பிறகு ஜூன் தொடக்கத்தில் அரைக் கிலோ பக்வீட் விதையைத் தூவிவிடுங்கள். பசளைப் பயிராக விற்கும் விதைக்கடைகளில் கிடைக்கும். நாலைந்து நாளில் முளைத்து, நிலத்தை மூடி, களையைத் தலையெடுக்க விடாது. ஐந்தாறு வாரத்தில் வெள்ளைப் பூப் பூக்கும். தேனீக்கள் நிறைய வரும் என்பதால் அந்த நாட்களில் சின்னவரைக் கொஞ்சம் கவனித்துக்கொள்ளுங்கள். பூ முற்றி விதை கறுப்பதற்குள் வெட்டி, துண்டாக்கி, மண்ணுக்குள் தாழ்த்துங்கள்.

யாழ்ப்பாணத்து வலிகாமச் செம்மண்ணில் வெங்காயமும் புகையிலையும் வைத்த குடும்பத்தில் பிறந்தவன் நான். பூவரசங் குழையைக் கட்டுக்கட்டாக வெட்டிவந்து தோட்டத்தில் தாழ்க்காமல் அப்பு ஒரு போகத்தையும் தொடங்கியதில்லை. குழை மக்கிய மண் மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும், கால் வைத்தால் அமிழும். ஏஜாக்ஸ் களிமண்ணுக்கும் அந்த வைத்தியம் சரிவரும். பூவரசு இங்கே இல்லை, பக்வீட் இருக்கிறது.

ஜூலைக் கடைசியில் 3 சென்டிமீட்டர் கனத்துக்குக் கொம்போஸ்ட் பரப்பி, மேல் 15 சென்டிமீட்டர் மண்ணோடு கலந்துவிடுங்கள். உங்கள் வளவுக்கு ஏறக்குறைய 2 கன மீட்டர் தேவைப்படும். மண் விற்கும் இடங்களில் கன யார்க் கணக்கில் சொல்வார்கள், இரண்டரைக் கன யார் வேண்டும் என்று கேளுங்கள். இலைதழையிலிருந்து செய்த கொம்போஸ்ட்டைப் பல நகராட்சிகள் வசந்தத்தில் இலவசமாகவே கொடுக்கின்றன, ஆனால் வாகனமும் மண்வெட்டியும் நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும். களி இளகட்டும் என்று மணல் வாங்கிப் போடாதீர்கள். கொஞ்ச மணலும் களியும் சேர்ந்தால் செங்கல் பதத்துக்கு இறுகும். சுண்ணாம்பு போடச் சொல்லும் அயலவர் ஒருவர் எல்லாத் தெருவிலும் இருப்பார். ரொறன்ரோவைச் சுற்றியுள்ள மண் பெரும்பாலும் இயற்கையிலேயே சுண்ணத்தன்மை கூடியது. மண் பரிசோதனை கேட்டாலொழிய அதைத் தொடவேண்டாம்.

மட்டம் பார்க்கும்போது, வீட்டுச் சுவரிலிருந்து வெளிப்பக்கமாக ஒரு மீட்டருக்கு 2 சென்டிமீட்டர் சரிவு இருக்கட்டும். உங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே ஒரு பள்ளம் ஓடினால் அதை நிரவிவிடாதீர்கள். அது மழைத் தண்ணீர் போவதற்காகத் திட்டமிட்டு விட்ட வழி. அதை மூடினால் உங்கள் பேஸ்மென்டுக்கோ அவர்களுடையதற்கோ தண்ணீர் வரும், மூடியவர் பதில் சொல்ல வேண்டியும் வரும்.

ஓகஸ்ட் முதல் இரண்டு வாரமும் வெறும் மண்ணுக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். மண்ணுக்குள் உறங்கும் களை விதைகள் முளைக்கும். அவை இரண்டிலையாக இருக்கும்போதே மேலாகச் சுரண்டிவிடுங்கள், ஆழமாகக் கிளறினால் அடியில் கிடக்கும் புது விதைகள் மேலே வந்துவிடும். இதை இரண்டு தடவை செய்தால் செப்டெம்பரில் உங்கள் புல்லோடு போட்டிக்கு வரும் களை பாதியாகக் குறைந்திருக்கும். பொறுமை சோதிக்கும் வேலைதான், ஆனால் இதைச் செய்த வளவையும் செய்யாத வளவையும் அடுத்த மே மாதம் தெருவில் நின்றே பிரித்துச் சொல்லலாம்.

விதைக்கும் நாள் காற்றில்லாத காலையாக இருக்கட்டும். இரும்பு வாரியால் மேற்பரப்பை நிரவுங்கள். நடந்தால் செருப்புத் தடம் பதிய வேண்டும், கால் புதையக்கூடாது. 60 சதுர மீட்டருக்கு 2 கிலோ விதை போதும். அதை இரண்டாகப் பிரித்து, காய்ந்த மணலோடு கலந்து, ஒரு பாதியை வீட்டிலிருந்து வேலிப் பக்கமாகவும் மறுபாதியை அதற்குக் குறுக்காகவும் வீசுங்கள். கை ஓடிய வரிகள் தெரியாமல் இருப்பதற்கு இதுவே வழி. பிறகு வாரியைத் திருப்பிப் பிடித்து, அதன் முதுகால் மெல்ல இழுத்துவிடுங்கள். விதை அரை சென்டிமீட்டருக்கு மேல் புதையக்கூடாது. பத்தில் ஒரு விதை வெளியே தெரிந்தால் அளவு சரி. கடைசியாக ஒரு பலகையைப் போட்டு அதன்மேல் ஏறி நின்று, நகர்த்தி நகர்த்தி முழு நிலத்தையும் அமுக்குங்கள். விதையும் மண்ணும் ஒட்டியிருந்தால்தான் ஈரம் விதைக்குள் போகும். பிள்ளைகள் இருவரையும் அந்தப் பலகையில் ஏற்றுங்கள், அவர்களுடைய பாரம் அதற்கு அளவானது.

முளைக்கும்வரை நாளுக்கு இரண்டு மூன்று தடவை, மெல்லிய தூறலாக. மேற்பரப்பு காயக்கூடாது, தண்ணீர் தேங்கி விதையை அள்ளிக்கொண்டு போகவும் கூடாது. ஏழாம் எட்டாம் நாள் காலையில் குனிந்து பார்த்தால் ஊசியளவு பச்சை தெரியும். அது விதைக் கலவையில் விரைவாக முளைக்கும் ரைகிராஸ் என்ற புல். கூடவே இருக்கும் புளூகிராஸ் முளைக்க இரண்டிலிருந்து நான்கு வாரம் எடுக்கும். அதற்குள் மொட்டையாகத் தெரியும் இடங்களைக் கண்டு மேலும் மேலும் விதையைக் கொட்டிவிடாதீர்கள். இந்த நாட்களில் தண்ணீரை நிறுத்துவதுதான் பெரும்பாலான வீடுகளில் நடக்கும் கேடு. ரைகிராஸ் பச்சையாகி விட்டதும் வேலை முடிந்தது என்று ஹோஸ் பைப்பைச் சுருட்டிவிடுகிறார்கள். வெளியே தெரியாமல் முளைவிட்டுக்கொண்டிருந்த புளூகிராஸ் அப்படியே காய்ந்துபோகிறது.

புல் 8, 9 சென்டிமீட்டர் உயர்ந்ததும் 6க்கு வெட்டுங்கள். அலகு கூராக இருக்க வேண்டும், மொட்டை அலகு இளம் புல்லை வேரோடு இழுத்துவிடும். ஒரு தடவையில் உயரத்தின் மூன்றிலொன்றுக்குமேல் எடுக்காதீர்கள். மூன்று நாலு வெட்டு முடியும்வரை பிள்ளைகள் அதன்மேல் நடந்துபோகலாம், ஓடக்கூடாது. பந்து விளையாட அடுத்த ஜூன். இந்தக் கோடைக்கு, வேலியோரத்தில் ஒரு மூலையை அவர்களுக்கென்று ஒதுக்கிவிடுங்கள். மண் கிளறுவதை எந்தப் பிள்ளையும் வேண்டாம் என்று சொல்லாது.

கேள்வி: விதைப் பைகளில் ஒன்று 20 டொலர், ஒன்று 60 டொலர். எதைப் பார்த்து வாங்குவது? (பிரம்டன் வாசகர்)

பதில்: முன்பக்கத்துப் படத்தைப் பார்க்காதீர்கள், பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் பெயர்களை வாசியுங்கள். பிள்ளைகளும் விருந்தாளிகளும் புழங்கும் வெயிலான வளவுக்குக் கென்டக்கி புளூகிராஸ் முதன்மையாக இருக்க வேண்டும். அது மண்ணுக்கடியில் தண்டு ஓட்டிப் பரவுவதால், கால்பட்டுத் தேய்ந்த இடத்தைத் தானே மூடிக்கொள்ளும். பெரெனியல் ரைகிராஸ் விரைவாக முளைக்கும், ஆனால் கொத்தாகவே நிற்கும், பரவாது. அது கால்பங்கைத் தாண்டினால் முந்தி முளைத்துப் புளூகிராஸை நிழலில் அமுக்கிவிடும். நிழலுக்கு ஃபைன் ஃபெஸ்கியூ. தண்ணீர் ஊற்ற நேரமில்லாதவர்களுக்கு டோல் ஃபெஸ்கியூ, அதன் வேர் ஆழமாக இறங்கும். வெறுமனே ‘ஆனுவல் ரைகிராஸ்’ என்று கண்டால் பையைத் திரும்ப வைத்துவிடுங்கள். அது குளிர்காலத்தோடு போய்விடும். மலிவான பைகளின் இரகசியம் அதுதான்.

‘பூச்சுப் பூசிய விதை’ என்று எழுதியிருந்தால், எடையில் ஏறக்குறைய பாதி அந்தப் பூச்சாக இருக்கலாம். விலையை அதற்கேற்பக் கணக்குப் பார்க்க வேண்டும், தூவும் அளவையும் கூட்ட வேண்டும். எடையை மட்டும் வைத்தும் மதிப்பிட முடியாது. ரைகிராஸ் ஒரு கிராமில் சுமார் 500 விதை இருக்கும், புளூகிராஸில் 2,000க்கு மேல். உள்ளங்கையில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று சீரகம் போலத் தெரியும், மற்றது தூசி.

கேள்வி: மகன் ஒவ்வொரு சனி ஞாயிறும் புல்லோடு மல்லுக்கட்டுகிறார். ஊரில் முற்றத்தில் ஒரு புல் தலைகாட்டினாலும் பிடுங்கி எறிந்தோம். விடியற்காலையில் கூட்டித் தண்ணீர் தெளித்தோம். இங்கே காசு கொடுத்துப் புல்லை வளர்க்கிறார்கள். கல்லைப் பதித்துவிட்டால் என்ன? (மார்க்கம், ஓர் அம்மா)

பதில்: அம்மா, நீங்கள் கேட்பது நியாயம். ஈர்க்கு விளக்குமாற்றின் வரி விழுந்த முற்றத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குப் புல் என்றால் பராமரிப்பில்லாத வளவு என்றுதான் தோன்றும். நம்முடைய முற்றத்தில் புல் இல்லாததற்கு நல்ல காரணங்கள் இருந்தன. பாம்பும் தேளும் வந்தால் தெரிய வேண்டும். மிளகாயும் நெல்லும் காயவைக்க வெறும் தரை வேண்டும். மணலும் செம்மண்ணும் மழைத் தண்ணீரை உடனே உள்ளே விட்டுவிடும், மழை விட்ட கையோடு முற்றத்தில் நடக்கலாம்.

இங்கே நிலம் மாதக்கணக்கில் உறைந்து கிடக்கிறது. மார்ச்சில் மேல் மண் இளகும்போது கீழ் மண் கல்லாகவே இருக்கும். தண்ணீர் இறங்க வழியில்லாமல் எல்லாம் சேறாகும், அந்தச் சேறு பிள்ளைகளின் சப்பாத்தோடு உங்கள் சமையலறைவரை வரும். புல்லின் வேர்தான் அந்த மண்ணைப் பிடித்து வைத்திருக்கிறது. கல் பதித்தால் சேறு இராது, உண்மை. ஆனால் மழைத் தண்ணீர் முழுதும் தெருவுக்கு ஓடும். 2013 ஜூலை 8 அன்று பியர்சன் விமான நிலையத்தில் 126 மில்லிமீட்டர் மழை கொட்டியது உங்களுக்கு நினைவிருக்கலாம். ஊர் முழுக்கப் பேஸ்மென்டுகளுக்குள் தண்ணீர் வந்தது. கல்லும் தாரும் கூடக்கூட அப்படிப்பட்ட நாளில் தண்ணீருக்குப் போக்கிடம் குறைகிறது. இறுகிய களிமண்ணில் ஒட்டிக்கொண்டிருக்கும் மெலிந்த புல்லும் அந்த வகையில் கல்லைவிடப் பெரிதாக உதவாது என்பதையும் சொல்லவேண்டும். அதனால்தான் மண்ணை இளக்கச் சொல்லி மேலே இவ்வளவு எழுதினேன்.

மகனிடம் ஒன்று சொல்லுங்கள். பேரப்பிள்ளைகள் ஓடும் இடத்துக்கு மட்டும் புல் போதும். வேலியோரம் முழுவதையும் உங்களுக்குத் தரட்டும். மிளகாயும் கீரையும் பயித்தங்காயும் வையுங்கள். புல்லின் பரப்பு குறைந்தால் அவருடைய சனிக்கிழமையும் மிஞ்சும்.

கேள்வி: வீட்டுக்கு முன்னால் பெரிய மேப்பிள் மரம். அதன் கீழ் மூன்று வருடமாக விதை தூவுகிறோம், முளைத்து முளைத்துச் சாகிறது. (ஸ்காபரோ வாசகி)

பதில்: இலைக் காம்பை ஒடித்துப் பாருங்கள். வெள்ளைப் பால் வடிந்தால் அது நோர்வே மேப்பிள். ஒரு காலத்தில் இந்நகரத் தெருக்களில் நிறைய நட்ட மரம். அடர்ந்த நிழல், அதோடு வேர் மேற்பரப்பிலேயே பின்னிக் கிடக்கும். வெளிச்சத்தையும் தண்ணீரையும் மரமே எடுத்துக்கொள்கிறது. நாளுக்கு நாலு மணி நேரமாவது வெயில் விழுந்தால் ஃபைன் ஃபெஸ்கியூவைச் செப்டெம்பரில் தூவிப் பாருங்கள். இலை விழ விழ அள்ளிவிட வேண்டும், நனைந்த இலைப்படையின் கீழ் இளம் புல் ஒரு வாரத்தில் மஞ்சளாகும். அதைவிடக் குறைந்த வெயில் என்றால் புல்லை விட்டுவிடுங்கள். மரச்சீவல் பரப்பி, நிழல் தாங்கும் செடிகளை வையுங்கள். வேர் தெரிகிறதென்று அதன்மேல் மண்ணைக் கொட்டி மேடாக்குவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். மரத்துக்கு மூச்சு முட்டும். அந்த மரத்தின் நிழல் உங்கள் வீட்டுக்கு ஜூலையில் செய்யும் உபகாரத்துக்கு ஒரு துண்டுப் புல் ஈடாகாது.

கேள்வி: செப்டெம்பரில் தங்கையின் திருமணம். ஒக்டோபர் கடைசியில்தான் நேரம் கிடைக்கும். அப்போது விதைக்கலாமா? (மிசிசாகா வாசகர்)

பதில்: அந்த இடைக்காலம்தான் மோசமானது. மண்ணில் கொஞ்சம் சூடு மிச்சமிருப்பதால் விதை முளைத்துவிடும், வேர்விடுவதற்குள் நிலம் உறையும், ஏப்ரலில் ஒன்றும் மிஞ்சாது. நவம்பர் பின்பாதிவரை பொறுத்தால் வேறு கதை. மண் நன்றாகக் குளிர்ந்து முளைக்க இடமில்லாத நிலையில், பனி விழுவதற்குச் சற்று முன் தூவினால் விதை குளிர்காலம் முழுதும் உறங்கிக் கிடந்து, வசந்தத்தில் முளைக்கும். பறவையும் உருகும் பனித் தண்ணீரும் கொஞ்சத்தைக் கொண்டுபோகும், அதனால் விதையைக் கூட்டிப் போடுங்கள். சரிவான நிலத்தில் இந்த முறை வேண்டாம். மண்ணைத் திருத்தும் வேலையைக் கல்யாண வேலை தொடங்கும் முன்பே முடித்துவிடுங்கள். தங்கைக்கு என் வாழ்த்து.

கேள்வி: போன இலையுதிர்காலம் விதைத்து நன்றாக வந்த புல்லை இந்த ஏப்ரலில் ஸ்கங்க் (நாற்றம் பீய்ச்சும் சிறு விலங்கு) இரவோடு இரவாகக் கிளறிப் புரட்டிவிட்டது. விரட்ட என்ன வழி? (பிக்கரிங் வாசகர்)

பதில்: ஸ்கங்க் உணவு தேடி வந்தது. புல்லை ஓர் அடிச் சதுரத்துக்கு உரித்துப் பாருங்கள். வளைந்த, வெண்ணிற, தலை மட்டும் பழுப்பான புழுக்கள் இருக்கும். வண்டின் குஞ்சுகள் அவை, புல்லின் வேரைத் தின்பவை. ஒரு சதுரத்தில் ஐந்தாறுக்குமேல் இருந்தால் நடவடிக்கை தேவை. இப்போது அவை முற்றிவிட்டன, எதைப் போட்டும் பெரிய பலனில்லை. ஓகஸ்ட் கடைசியிலும் செப்டெம்பர் தொடக்கத்திலும் புதுக் குஞ்சுகள் சிறிதாக இருக்கும்போது, அவற்றைக் கொல்லும், பூந்தோட்டக் கடைகளில் விற்கும் நெமட்டோட் நுண்புழுக்களை வாங்குங்கள். அவை உயிருள்ளவை, வீட்டுக்கு வந்ததும் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டும். மண்ணை முதலில் நன்றாக நனைத்து, வெயில் சாய்ந்த பிறகு ஊற்றி, அதன் பின்னும் இரண்டு வாரம் ஈரம் குறையாமல் பாருங்கள். புரண்ட புல்லைத் திரும்ப அமுக்கித் தண்ணீர் ஊற்றினால் ஒரு பகுதி பிழைக்கும்.

கேள்வி: விநாயகர் சதுர்த்திக்கு அருகம்புல் கிடைப்பது கஷ்டமாக இருக்கிறது. ஊருக்குப் போகும்போது ஒரு பிடி கொண்டுவந்து புற்றரையோடு வளர்க்கலாமா? பின்வளவில் அருகு மாதிரியே ஒன்று படர்கிறது, அது அருகா? (ஸ்காபரோ, ஓர் அம்மா)

பதில்: கொண்டுவராதீர்கள், அம்மா. வேரும் மண்ணுமாகச் செடியை அனுமதிப் பத்திரமில்லாமல் கனடாவுக்குள் கொண்டுவர முடியாது. வந்தாலும் நம் ஊர் அருகு இங்குள்ள குளிர்காலத்தை நிலத்தில் தாங்காது.

உங்கள் பின்வளவில் படர்வது பெரும்பாலும் குவாக்கிராஸாக இருக்கும். ஒரு தண்டைப் பிடுங்கி, இலை தண்டோடு சேரும் இடத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மெல்லிய இரண்டு நகங்கள் போன்ற நுனிகள் தண்டைச் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தால் அது குவாக்கிராஸ். அருகில் அந்த நகம் இராது, அந்த இடத்தில் குட்டை வெள்ளை மயிர் வரிசை இருக்கும். இலையும் அருகில் குறுகிச் சிறியதாக இருக்கும், குவாக்கிராஸில் அகலமாக நீண்டிருக்கும். புல் விதைக்க மண்ணைத் தயார் செய்பவர்களுக்கும் இது முக்கியம். குவாக்கிராஸ் இருக்கும் நிலத்தில் உழும் இயந்திரத்தை ஓட்டினால் அதன் வெள்ளை நிலத்தடித் தண்டு நூறு துண்டாகி, ஒவ்வொரு துண்டும் ஒரு செடியாகும். கிளறு முள்ளால் மண்ணை நெம்பி, தண்டை அறுக்காமல் முழுதாக இழுத்து எடுக்க வேண்டும். எடுத்ததைக் கொம்போஸ்டில் போடவும் கூடாது.

பிள்ளையாருக்கு அருகு வேண்டுமென்றால் சாடியில் வளருங்கள். வட அமெரிக்காவில் பெர்முடா கிராஸ் என்று விற்கும் விதை அருகின் இனமேதான். அகலமான, ஓர் அடி ஆழச் சாடியில் மணல் கலந்த மண் போட்டு, ஜூன் நடுவில் மேலாகத் தூவி, வெயில் நன்றாக விழும் சுவரோரம் வையுங்கள். முளைக்க இரண்டு மூன்று வாரம் எடுக்கலாம், சூடு வேண்டும். ஓகஸ்ட் கடைசிக்குள் நுனி கிள்ளும் அளவுக்கு வந்துவிடும். நிழலில் ஒருபோதும் வைக்காதீர்கள், நீண்டு மெலிந்து போகும். முதல் உறைபனிக்கு முன் சாடியை உள்ளே எடுத்து, தெற்குப் பார்த்த யன்னலோரம் வைத்து, தண்ணீரைக் குறைத்துவிடுங்கள். பனிக்காலத்தில் பாதி காய்ந்தாலும் எறிந்துவிட வேண்டாம், மே மாதம் வெளியே வைத்தால் மறுபடி தளிர்க்கும்.